உண்ணியை நம்பாத வைத்தியரும் பெரியம்மாவை நம்பாத நானும்

எங்க கட்டுத்தரைக்கு மேற்கால ஒரு வேப்பமரம் தனியா நிக்குது. புதுசா எந்த மாடு வாங்கினாலும் முதல் ஒன்றரை மாசம் அங்கேதான் கட்டுவோம். தண்ணித் தொட்டி தனி, தீவனக் கூடை தனி. பார்க்கிறவங்க, "என்னங்க, வாங்கின மாட்டை இப்படி ஒதுக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்பார்கள். அதுக்குப் பின்னால ஒரு சாவு இருக்கு.

எட்டு வருசத்துக்கு முன்னால, ஆனி மாசக் கடைசியில் சந்தையில் ஒரு நாட்டு மாடு வாங்கினேன். நல்ல சுழி, நல்ல நடை. ஆனால் காதுக்குள்ளும், மடிக்குப் பக்கத்திலும், வாலடியிலும் உண்ணி கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது. எங்க பெரியம்மா பார்த்ததுமே சொன்னார்: "உண்ணிய எடுக்காம கட்டுத்தரைல சேத்தாதே கண்ணு. இந்த மாடு தாங்கிக்கும், நம்ம சீமை மாடு தாங்காது." நான் சிரித்தேன். உண்ணி ரத்தம் குடிக்கும், மாடு மெலியும், அவ்வளவுதானே? அதுக்காக ஒரு மாடு செத்தா போகும்?

ஆவணி முதல் வாரத்தில் எங்க ஜெர்சி கலப்பு மாட்டுக்குக் காய்ச்சல் வந்தது. தீவனம் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மூத்திரம் காப்பித் தண்ணி மாதிரி சிவப்பாகப் போனது. டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணிக்காய்ச்சல் என்றார். ஊசி போட்டார். நான் கூப்பிட்டதே தாமதம். ஒரு நாளைக்கு 14 லிட்டர் கறந்த மாடு, ஐந்தாம் நாள் விடியக்காலை செத்துப்போனது. நாட்டு மாடு பக்கத்திலேயே நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. அதுக்கு ஒன்றும் இல்லை.

பெரியம்மா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது. உண்ணியால் இந்த நோய் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று தேட ஆரம்பித்தேன். நான் பன்னிரண்டாவது வரை படித்தவன். இங்கிலீஷில் தடுமாறும் இடத்தில் மகள் படித்துச் சொன்னாள். கிடைத்தது அமெரிக்காக் கதை. படிக்கப் படிக்க எங்க கட்டுத்தரைக் கதையாகவே இருந்தது.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்தது. டெக்சாஸில் நீளக் கொம்பு மாடுகள் லட்சக்கணக்கில் இருந்தன, விலை இல்லை. வடக்கே கறிக்கு நல்ல விலை. அதனால் மந்தை மந்தையாக வடக்கே ஓட்டிப் போனார்கள். அந்த மாடுகளுக்கு எந்த நோயும் கிடையாது. ஆனால் அவை மேய்ந்துவிட்டுப் போன நிலத்தில் மேய்ந்த வடக்கத்தி மாடுகள், ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழித்துக் காய்ச்சல் கண்டு, சிவப்பு மூத்திரம் போய் விழுந்தன. 'டெக்சாஸ் காய்ச்சல்' என்று பெயர் வைத்தார்கள். மிசூரி விவசாயிகள் போருக்கு முன்பே இதைப் பார்த்துவிட்டு, துப்பாக்கியோடு எல்லையில் நின்று தெற்கத்தி மந்தைகளைத் திருப்பி அனுப்பியவர்கள்.

மாடு மேய்க்கிறவர்கள் நடுவில் ஒரு பேச்சு இருந்தது: இது உண்ணியால் வருகிறது. அந்தப் பேச்சுக்குப் புத்தகம் கிடையாது. புத்தகம் இல்லாததை எந்தப் பத்திரிகை மதிப்புரை எழுதும்?

1868-ல் இல்லினாய்ஸ், இந்தியானா மாநிலங்களில் மாடுகள் கூட்டமாகச் செத்தன. அமெரிக்க அரசாங்கம் விசாரிக்க ஒரு பெரிய ஆளைக் கேட்டது. அவர் பெயர் ஜான் காம்ஜி. இந்தக் கதையில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தவர் இவர்தான். அவருடைய பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காம்ஜி பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். 1857-ல் எடின்பரோவில் சொந்தமாக ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கினார். தொழில் பத்திரிகையும் ஒன்று நடத்தினார். லண்டன் கல்லூரிக்காரர்களுக்கும் அவருக்கும் ஆகாது. அதே 1857-ல் லண்டன் கல்லூரிப் பேராசிரியர் சைமண்ட்ஸ், ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்த மாட்டுக் கொள்ளைநோயைப் பார்த்துவரப் போனார். நம்ம ஊரில் வெக்கை என்கிறோமே, அதுதான். அந்த நோய் பிரிட்டன் கரைக்கு வரும் என்று பயப்படத் தேவையில்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். துறையின் தீர்ப்பு அதுதான்.

காம்ஜி ஒத்துக்கொள்ளவில்லை. ரயிலும் நீராவிக் கப்பலும் வந்துவிட்டன, மாடு சில நாட்களில் கண்டத்தைக் கடந்துவிடுகிறது, நோயும் கூடவே வரும் என்றார். 1863-ல் ஹாம்பர்க்கில் பல நாட்டுக் கால்நடை மருத்துவர்களைக் கூட்டி ஒரு மாநாடே நடத்தினார். ஊரில் அவரைச் சும்மா பயமுறுத்துகிறவர் என்று ஒதுக்கினார்கள். 1865 மே மாதம், பால்டிக் கரையின் ரெவெல் துறைமுகத்திலிருந்து மாடு ஏற்றிய கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்துக்கு வந்தது. ஜூனில் லண்டன் பால் தொழுவங்களில் மாடு சாக ஆரம்பித்தது. லட்சக்கணக்கில் போயின. நோய் கண்ட மாட்டைக் கட்டாயம் கொன்று புதைக்க வேண்டும் என்று 1866-ல் சட்டம் வந்த பிறகுதான் அடங்கியது. காம்ஜி சொன்ன வழியும் அதுதான். ஆனால் அவருடைய கல்லூரி 1868-ல் மூடப்பட்டது. சரியாகச் சொன்னதற்குப் பரிசு அதுதான்.

இப்படி அடிபட்ட மனுசன் அமெரிக்காவுக்கு வருகிறார். காது கொடுக்காத துறையால் எவ்வளவு நாசம் வரும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? விவசாயிகள் அவரிடம் உண்ணியைச் சொல்கிறார்கள். அவர் அறிக்கையில் என்ன எழுதினார்? உண்ணிக் கதை ஊரெல்லாம் பரவியிருக்கிறது, கொஞ்சம் யோசித்தாலே அது அபத்தம் என்று தெரிந்துவிடும் என்ற பொருளில் எழுதித் தள்ளிவிட்டார்.

இதைப் படித்தபோது மகளிடம், "இன்னொரு தடவை படி" என்றேன். அபத்தம் என்றுதான் இருந்தது. நான் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தது ஞாபகம் வந்தது.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லணும். உண்ணி நிறைய இருக்கிற தெற்கத்தி மாடு நன்றாக இருக்கிறது, அப்புறம் உண்ணி எப்படிக் காரணமாகும்? மந்தை கடந்துபோய் ஒரு மாசம் கழித்து நோய் வருகிறது, இடையில் உண்ணி எங்கே போனது? கேள்விகள் நியாயமானவை. ஆனால் கேள்வியோடு நிறுத்திவிட்டார்கள். சோதித்துப் பார்க்கவில்லை. சாணி, மூத்திரம், எச்சில், புல் என்று ஆளாளுக்கு ஒன்றைக் காரணம் காட்டிக்கொண்டே 20 வருசம் ஓடிவிட்டது.

1889 கோடையில் அரசாங்கக் கால்நடைத் துறை, வாஷிங்டன் பக்கத்துப் பண்ணையில் ஒரு வேலை செய்தது. தியோபால்ட் ஸ்மித் என்ற முப்பது வயது ஆராய்ச்சியாளர், கில்போர்ன் என்ற கால்நடை மருத்துவர், கர்ட்டிஸ் என்ற ஒட்டுண்ணி ஆராய்ச்சிக்காரர். பெரிய கருவி எதுவும் இல்லை. வேலி போட்ட சில வயல்கள்தான். ஒரு வயலில் உண்ணியோடு தெற்கத்தி மாடுகள், கூடவே வடக்கத்தி மாடுகள். இன்னொன்றில் உண்ணியை எல்லாம் கையாலேயே பொறுக்கி எடுத்துவிட்ட தெற்கத்தி மாடுகள், கூடவே வடக்கத்தி மாடுகள். மூன்றாவதில் தெற்கத்தி மாடே கிடையாது, தெற்கிலிருந்து கொண்டுவந்த உண்ணியை மட்டும் புல்லில் போட்டு, வடக்கத்தி மாட்டை மேயவிட்டார்கள்.

முதல் வயலில் காய்ச்சல் வந்தது. இரண்டாவதில் வரவில்லை. மூன்றாவதில் வந்தது.

காம்ஜியின் கேள்விகளுக்கும் பதில் கிடைத்தது. இந்த உண்ணி ஒரே மாட்டிலேயே வளர்ந்து, ரத்தம் குடித்துப் பெருத்துக் கீழே விழுகிறது. ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. முட்டை பொரிக்கச் சில வாரம் ஆகும். குஞ்சுகள் புல் நுனியில் ஏறிக் காத்திருந்து அடுத்த மாட்டில் தொற்றுகின்றன. நோய்க்கிருமி தாய் உண்ணியிலிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. அந்த ஒரு மாசத்துக்குக் காரணம் இதுதான். தெற்கத்தி மாடுகள் கன்றிலேயே அந்தக் காய்ச்சலை லேசாகக் கண்டு தேறியவை. அதனால் கிருமியைச் சுமந்துகொண்டே திடமாக நிற்கின்றன. எங்க நாட்டு மாடு நின்று அசை போட்டதும், ஆனியில் வாங்கியது ஆவணியில் நோயானதும் எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

1893-ல் அறிக்கை அச்சில் வந்தது. ஒரு பூச்சி கடித்து ஒற்றைச் செல் கிருமி மாட்டுக்குப் போகிறது என்று நிரூபித்த முதல் வேலை அது. செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் கொசுவுக்குள் மலேரியாக் கிருமியைப் பார்த்தது அதற்கு நாலு வருசம் கழித்து, 1897-ல். அறிக்கையின் முகப்பில் ஸ்மித், கில்போர்ன் என்று இரண்டே பெயர். உண்ணியின் பிறப்பு வளர்ப்பை ஆராய்ந்த கர்ட்டிஸ் பெயர் இல்லை. உண்ணிதான் என்று முதலில் சொன்ன மாட்டுக்காரர்கள் பெயரை யார் கேட்டார்கள்?

'படித்தவர்கள் மோசம், விவசாயி உத்தமன்' என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கதை அப்படி முடியவில்லை. 1906-ல் உண்ணி ஒழிப்பு தொடங்கியது. மாட்டை ஆர்சனிக் கலந்த தொட்டியில் இறக்கி ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. செலவும் அலைச்சலும் தாங்காத தெற்கத்திச் சிறு விவசாயிகள் பல இடங்களில் அந்தத் தொட்டிகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உண்ணியைப் பெரிதுபடுத்துகிறார்கள் என்று இந்தத் தடவை பேசியது விவசாயிகள். மெக்சிகோ எல்லையோரம் தவிர மற்ற இடங்களில் உண்ணி ஒழிந்தது என்று சொல்ல 1943 ஆனது.

காம்ஜியும் பின்னாளில் அம்மோனியாவில் ஓடும் ஒரு இயந்திரம் செய்யக் கிளம்பினார். நிலக்கரியே இல்லாமல் கப்பல் ஓட்டலாம் என்றார். நடக்காது என்று விஞ்ஞானம் தெரிந்தவர்கள் சொன்னார்கள், நடக்கவும் இல்லை. ஒரே மனுசன். வெக்கையில் எல்லாரும் மறுத்தபோது அவர் சரி. உண்ணியில் அவர் மறுத்தார், தப்பு. இயந்திரத்தில் விஞ்ஞானம் தெரிந்தவர்கள் மறுத்தார்கள், அவர் தப்பு. மறுக்கப்பட்டவன் என்பதாலேயே ஒருத்தன் சொல்வது சரியாகிவிடாது. மறுப்பவர் பெரிய படிப்பு படித்திருப்பதாலும் ஆகாது. வயலில் கட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

நகரத்து நண்பர்கள் சிலர் நாட்டு வைத்தியப் புத்தகங்களை அனுப்பி, "இதையெல்லாம் டாக்டர்கள் பேசவே மாட்டேங்கிறாங்க, அப்ப உண்மைதானே?" என்று கேட்கிறீர்கள். பேசாமல் ஒதுக்குவது தப்புதான். அந்தத் தப்புக்கு எவ்வளவு விலை என்று மேலே எழுதியிருக்கிறேன். ஆனால் அவர்கள் பேசவில்லை என்பது அந்தப் புத்தகத்துக்குச் சாட்சி ஆகாது. ஒரு மாட்டுக்குக் கொடுத்து, அதேபோல இன்னொரு மாட்டுக்குக் கொடுக்காமல், கணக்கு எழுதிப் பார்த்தவர் இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து பார்க்கிறேன். காய்ச்சல் கண்ட மாட்டுக்கு மட்டும் முதல் நாளே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இந்தக் கதையைப் போன வாரம் பெரியம்மாவிடம் சொன்னேன். வேப்பமரத்தடியில் புது மாட்டுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுக்கொண்டே முழுசாகக் கேட்டார். வயல், வேலி, மாடு, மூன்று பேர், எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

"ரெண்டாவது காட்டுல மாட்டுக்கெல்லாம் ஒண்ணு விடாம உண்ணி பொறுக்கினாங்கன்னியே கண்ணு, அதப் பொறுக்கினது யாரு?"

முகப்பில் இருக்கிற இரண்டு பெயரைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.