ஒரு மைல் தூரம்

கல்வியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடத்து வாசற்படியில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிள்ளை அந்த வாசற்படி வரை எப்படி வந்து சேர்ந்தான் என்பது அவர்கள் ஏட்டில் ஏறுவதில்லை.

திண்ணைப் பள்ளிக்கூட நாளில் அதற்கு அவசியமும் இல்லை. வாத்தியார் வீட்டுத் திண்ணை அதே தெருவில், மிஞ்சிப்போனால் அடுத்த தெருவில் இருந்தது. வர மறுத்த பையனைச் சட்டாம்பிள்ளையும் நாலு பையன்களும் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்தார்கள். வழியில் அபாயம் என்றால் அது சட்டாம்பிள்ளைதான்! ஆனால் அந்தத் திண்ணையில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் பெரும்பாலும் இடமில்லை. அதையும் சொல்லாமல் விடக்கூடாது.

எல்லாருக்கும் படிப்பு என்று ஆனபோதுதான் தூரம் ஒரு கேள்வியாயிற்று. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானார். ஒரு மைலுக்குள் ஆரம்பப் பள்ளி, மூன்று மைலுக்குள் நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி என்பது அவர் காலத்துக் கணக்கு. அந்த ஒரு மைல் இல்லாவிட்டால் எத்தனையோ வீடுகளில் முதல் எழுத்தே விழுந்திராது. அன்று அந்த மைலில் எதிர்ப்பட்டது மாட்டு வண்டி. எப்போதாவது ஒரு பஸ். ஆகவே தூரத்தை அளந்தார்கள். பாதையில் என்ன இருக்கிறது என்று அளக்கத் தோன்றவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்று வாலாஜாபாத்தைப் பாருங்கள். நவாப் முகம்மதலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஒரு காலத்தில் கும்பெனிப் பட்டாளம் தங்கிய இடம். அன்று சாலை பட்டாளத்துக்குச் சொந்தம். இன்று லாரிக்குச் சொந்தம். காஞ்சிபுரம்–செங்கற்பட்டுச் சாலை ஒரு பக்கம். வண்டலூரிலிருந்து ஒரகடத்துத் தொழிற்சாலைகள் வழியாக வரும் சாலை மற்றொரு பக்கம். லாரி ஓட்டுகிறவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வண்டியை ஒட்டி நிற்கும் ஏழு வயதுப் பிள்ளையின் தலை அவர் கண்ணுக்குத் தட்டுப்படுவதில்லை. பிள்ளைக்கோ, வருகிற வண்டியின் வேகத்தை மதிப்பிடும் வயதில்லை.

மற்ற தேசங்கள் இதை விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டன. இங்கிலாந்தில் 1953-ல் ஒரு சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கடக்கும் இடத்தில் ஓர் ஆள் பலகையைத் தூக்கினால் வண்டி நின்றாக வேண்டும். ஹாலந்தில் 1971-ல் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் மாண்டார்கள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடிய பிறகே அந்த நாட்டுத் தெருக்களின் அமைப்பு மாறத் தொடங்கியது.

நம் நாட்டில் 2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. மறு வருஷம் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டர் என்று எல்லை குறுகியது. அதைவிட முக்கியமான வாசகம் ஒன்று பலர் கண்ணில் படாமல் கிடக்கிறது: வெள்ளமோ, மண்சரிவோ, சாலையின்மையோ, வேறு அபாயமோ வழியில் இருந்தால், அந்த எல்லையையும் குறைத்து, அபாயம் நேராத இடத்தில் பள்ளியை அமைக்க வேண்டும். பிள்ளை நடக்கிற பாதையும் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது என்று சர்க்கார் ஏட்டில் ஏறிவிட்டது!

ஆனால் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதிக தூரம் போகிறவர்கள் அதற்கு மேல் படிக்கிற பிள்ளைகளே. பதினோராம் வகுப்பில் அவர்களுக்கு இலவசச் சைக்கிள் கிடைக்கிறது, நல்ல காரியம். அந்தச் சைக்கிள் போவதற்குச் சாலையில் ஓரம் எங்கே?

வாலாஜாபாத்துக்கு எதிர்க்கரையில் அவளூர். நடுவே பாலாறு, வருஷத்தில் பெரும்பாலும் வெறும் மணல். 2021 நவம்பரில் வந்த வெள்ளம் இரண்டு ஊரையும் இணைத்த தரைப்பாலத்தை உடைத்துவிட்டது. கரையில் நின்று பார்த்தால் வாலாஜாபாத் கண்ணுக்குத் தெரிகிறது. போய்ச் சேரவோ, அப்போது ஊரைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போகவேண்டியிருந்தது. வரைபடத்தில் மட்டும் தூரம் பழைய தூரமாகவே இருந்தது.