உருவப்படமும் ஒளிப்படக் கருவியும்: இலங்கை வரலாற்றில் ஒரு நோக்கு

உருவப்படம் எடுப்பதற்கு எக்கருவி ஏற்றது என்னும் வினா, தொழில்நுட்பம் ஒன்றையே சார்ந்ததன்று. எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையிலான உறவையும் கருவி ஓரளவு நிர்ணயிக்கின்றது. இலங்கை வரலாறு இதற்குச் சான்று பகரும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்ணாடித் தகடே படலமாகப் பயன்பட்டது. தகட்டில் மருந்தைப் பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவியும் முடித்தல் வேண்டும். எடுக்கப்படுபவர் பல விநாடிகள், சிலவேளை சில நிமிடங்கள், அசையாதிருக்க நேர்ந்தது. 1875 ஆம் ஆண்டு இலங்கையிற் குடியேறிய யூலியா மார்கிரட் கமரன் இம்முறையிலேயே தமிழ்த் தோட்டத் தொழிலாளரைப் படமெடுத்தார். 1879 இல் மறைந்த அவரது உடல் பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் பெயர் உலகறிந்தது. அவர் படமெடுத்த தொழிலாளர் பலரின் பெயர்களோ கிடைத்தில. அக்காலத்துக் கண்டியில் இயங்கிய சார்ல்ஸ் ஸ்கோவனின் படப்பிடிப்பு நிலையமும் மனிதரை 'தமிழ்ப் பெண்' என்றாற்போன்ற பொதுப்பெயரிட்டே விற்பனை செய்தது.

இந்நிலையை நடுத்தர அளவுச் சுருள் ஓரளவு மாற்றியது. 1929 இல் யேர்மனியின் பிறவுண்சுவைக் நகரில் றோலிபிளெக்ஸ் இரட்டைவில்லைக் கருவி தோன்றிற்று. 1932 இல் வந்த வகை, 1901 முதல் வழக்கிலிருந்த 120 சுருளை ஏற்று, ஆறு சென்ரிமீற்றர்ச் சதுரத்தில் 12 படங்கள் தந்தது. அச்சதுரத்தின் பரப்பு 35 மில்லிமீற்றர்ப் படச்சட்டத்தின் பரப்பிலும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஆதலால் பெருப்பித்தபோதும் தோலின் நுண்மை கெடவில்லை. கருவியை மார்பளவிற் பிடித்துக் குனிந்து நோக்குவதால், படப்பிடிப்பாளரின் முகத்தைக் கருவி மறைப்பதில்லை. இருவரும் உரையாடியவாறே படம் உருவாகலாம்.

இக்கருவியையும் லைக்காவையும் லயனல் வென்ட் (1900-1944) கையாண்டார். ஒளியாலும் நிழலாலும் இலங்கையரின் உடலையும் முகத்தையும் கலைப்பொருளாக்கியவர் அவர். எனினும் றோலிபிளெக்ஸின் வில்லை மாற்றவியலாதது. முகத்தை நெருங்கியெடுப்பின் மூக்கு பெருத்துத் தோன்றும். நெடுங்குவிய வில்லைகளை மாற்றிப் பொருத்தத்தக்க ஹசல்பிளாட் 1948 இலும், மாமியா இரட்டைவில்லைக் கருவி 1957 இலும் வந்து இக்குறையைப் போக்கின. உருவப்படத்தையே முதன்மையாகக் கொள்வோர்க்கு இவையே பொருத்தமானவை எனலாம்.

ஆயினும் மலையகத் தமிழரின் முகங்கள் பெருந்தொகையாய்ப் பதிவானது கலைக்கூடத்திலன்று. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வகை செய்தது. இந்தியா செல்லவேண்டியவரின் கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டப்பட்டது. கமரனின் தகட்டில் முகமிருந்தது, பெயரில்லை. கடவுச்சீட்டில் முகமும் பெயரும் சேர்ந்திருந்தன. ஆனால் அச்சேர்க்கை பிறந்த மண்ணை விட்டு அகல்வதற்காயிற்று.

எனவே, கருவியைத் தெரிவுசெய்வோர் வில்லையையும் சுருளையும் மட்டும் ஆராய்தல் போதாது. முகத்துக்குரியவரின் பெயரைக் கேட்டெழுதி, படத்தின் ஒரு பிரதியை அவர் கையிற் சேர்ப்பித்தலும் அக்கலையின் பகுதியேயாகும். இதனைச் செய்யாத பழைய படங்களிலிருந்து பெயர்களை இன்று மீட்டெடுப்பது அரிது.