முறுக்கிவிட்டால் போதுமா?

புதுக் கார் வந்ததுமே ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, அலாரம் என்று எதையாவது மாட்டக் கிளம்பிவிடுகிறோம். கடைப் பையன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைக்கிறான். ஒயரைப் பல்லால் கடித்து உரித்து, இரண்டையும் முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி, ‘ஓகே சார்!’ என்கிறான். பாட்டு வருகிறது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அந்த டேப்புக்குள் என்ன இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? ஒன்றரை நூற்றாண்டுத் தலைவலி இருக்கிறது!

1861-ல் அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் தந்திக் கம்பியால் இணைத்து முடித்தது வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி. கம்பி காற்றில் ஆடும், தன் எடையாலேயே இழுபடும். வெறுமனே முறுக்கினால் உருவிக்கொண்டு வந்துவிடும். எனவே, தந்தி லைன்மேன்கள் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று பிணைத்து, ஒவ்வொன்றின் முனையையும் மற்றதன் உடம்பில் நெருக்கமாகச் சுற்றினார்கள். இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு! அதற்கு ‘வெஸ்டர்ன் யூனியன் ஜாயின்ட்’ என்றே பெயர். மேலே ஈயம் வைத்துப் பற்றவைத்த வடிவில், நாஸாவின் ஒயரிங் விதிமுறைகளிலும் அதற்கு இடம் கிடைத்தது.

ஆனால், கார் என்பது வேறு விஷயம். கம்பத்தில் கம்பி இழுபடும். காரில் ஓயாமல் அதிரும்.

1930, ஜூன் மாதம். பங்குச் சந்தை சரிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின், தன் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொண்டு அட்லான்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர்கள் மாநாட்டுக்கே ஓட்டிப் போனார். வாசலில் நிறுத்திச் சத்தமாக வைத்தார். ஆர்டர்கள் வந்தன. அந்த ரேடியோவுக்கு அவர் வைத்த பெயர் – மோட்டரோலா!

அதற்கு முன்பு நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். கடன் கேட்கப்போன கால்வின், பேங்க் அதிகாரியை அசத்துவதற்காக அவருடைய பக்கார்டு காரிலேயே ரேடியோவை மாட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் கார் தீப்பிடித்துக்கொண்டது. கடன்? கேட்கவே வேண்டாம்.

கதை முழுக்க நிஜமோ இல்லையோ, அதிலிருக்கும் பயம் நிஜம். சின்னக் கணக்கு போடுவோம். லூஸான ஜாயின்டில் வெறும் அரை ஓம் தடை இருக்கிறது, அதில் 5 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மட்டும் 12.5 வாட் சூடு கிளம்பும். மிளகு சைஸ் இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவில்!

சரி, ஈயம் வைத்துப் பற்றவைத்தால்? மின்சாரம் தாராளமாகப் போகும். ஆனால், உருகிய ஈயம் ஒயரின் மெல்லிய இழைகளுக்குள் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறி, அந்தப் பகுதியை ஒரே குச்சியாக்கிவிடுகிறது. வண்டி அதிர அதிர, குச்சி முடிந்து இழைகள் தொடங்கும் இடத்தில் பட்டென்று ஒடியும்.

இதற்கு விடை விமானங்கள், கப்பல்கள் பக்கமிருந்து வந்தது. 1941-ல் அன்கஸ் விட்டேகர் என்ற எஞ்சினீயர் ‘ஏர்கிராஃப்ட் மரீன் புராடக்ட்ஸ்’ என்ற கம்பெனியைத் தொடங்கி, ஈயமே தேவைப்படாத முனைகளைச் செய்தார். செம்பு இழைகளை ஒரு குழாய்க்குள் நுழைத்து, அதற்கென்றே உள்ள கருவியால் ஓங்கி நசுக்குவது. இதுதான் ‘கிரிம்ப்பிங்’. சரியாக நசுக்கினால் உள்ளே காற்றுகூடப் புகாது, துருப்பிடிக்க வழியில்லை. இன்று கார் கம்பெனிகள் பெரும்பாலும் நம்புவது இதைத்தான்.

ஆனால் உஷார்! சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்கினால் அது கிரிம்ப்பிங் இல்லை, சட்னி. ஒயரின் தடிமனுக்கேற்ற முனை, அதற்கேற்ற கருவி, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் – மூன்றும் வேண்டும்.

அடுத்த முறை பையன் ‘ஓகே சார்!’ என்றதும் பர்ஸை எடுக்காதீர்கள். டேப் சுற்றும் முன்பே ஜாயின்டை லேசாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்துவிட்டால், பக்கார்டு கதையை அவனுக்கும் சொல்லுங்கள்!