சிங்கப்பூரில் அவசர மருத்துவ உதவி: பணிக்குச் செல்வோரும் உறவினரைக் காணச் செல்வோரும் அறிய வேண்டியவை

தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூர் செல்வோரில் இரு பிரிவினர் மருத்துவ நெருக்கடியில் அதிகம் தடுமாறுகின்றனர். கட்டுமானம், கப்பல் பட்டறை போன்ற துறைகளில் பணி அனுமதியின் பேரில் உழைப்போர் ஒரு பிரிவினர். மகளின் பேறுகாலத்திற்கோ பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளவோ குறுகிய காலம் சென்று தங்கும் முதிய பெற்றோர் மற்றொரு பிரிவினர். தமிழ் அங்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால் எங்கும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம் எனப் பலர் எண்ணுகின்றனர். மருத்துவமனைப் பதிவுகள், மருந்துச் சீட்டு, ஒப்புதல் படிவம் ஆகியவை ஆங்கிலத்திலேயே இருக்கும்.

அவசர எண்

நமது 108-க்கு இணையான எண் அங்கு 995. தீயணைப்பு, ஆம்புலன்ஸ் இரண்டிற்கும் இதுவே எண்; காவல்துறைக்கு 999. உயிருக்கு ஆபத்தான நிலையில் 995 ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை. அவசரமற்ற உடல்நலக் குறைவுக்கு அழைத்தால் கட்டணம் விதிக்கப்படலாம். அத்தகைய நிலையில் 1777 என்ற எண்ணில் கட்டண ஆம்புலன்ஸைப் பெறலாம்.

அழைக்கும்போது முதலில் இருப்பிடத்தைக் கூறவேண்டும். சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரே ஒரு கட்டடத்தையே குறிக்கும். தங்கும் இடத்தின் குறியீட்டைக் கைப்பேசியின் பின்புறம் எழுதி ஒட்டிவைத்தல் நலம். பணியிடம் எனில், வாயிலில் ஒருவர் நின்று ஆம்புலன்ஸை உள்ளே அழைத்துவர வேண்டும்.

நெஞ்சில் அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், முகம் கோணுதல், ஒரு கை தொய்ந்துபோதல், பேச்சுக் குழறல், நினைவிழத்தல், கட்டுப்படாத இரத்தப்போக்கு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மேற்பார்வையாளரின் அனுமதிக்காகக் காத்திராமல் 995-ஐ அழைக்கலாம். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். ஆகவே அறிகுறி எப்போது தொடங்கியது என்பதை உடனிருப்பவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

எனது புறநோயாளர் பிரிவுக்கு வந்த நாற்பது வயதினர் ஒருவர், அங்கு இரவு முழுவதும் நெஞ்சுவலியை வாயுத் தொல்லை எனக் கருதி மாத்திரை விழுங்கிப் படுத்திருந்தார். ஒரு நாள் கூலி போய்விடும், செலவு தலையில் விழும் என்ற அச்சமே காரணம் என்றார். இதயத் தசையின் பெரும்பகுதி செயலிழந்த பின்னரே மருத்துவமனையை அடைந்திருந்தார். இனி அவரால் பாரம் தூக்கும் வேலைக்குச் செல்ல இயலாது. செலவு குறித்த அவரது அச்சத்திற்குப் பெரிதும் அடிப்படை இல்லை என்பதைப் பின்வரும் விதிகள் காட்டும்.

பணியாளர்களின் மருத்துவச் செலவு

பணி அனுமதியில் உள்ளவருக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் சட்டக் கடமை. 2023 ஜூலை 1 முதல் இதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. தொழிலாளர் விடுதிகளில் வசிப்போருக்கு 2022 ஏப்ரல் முதல் அடிப்படை மருத்துவத் திட்டமும் உண்டு. இதன்படி மருத்துவரை நேரில் காண 5 வெள்ளியும், காணொளி வழி ஆலோசனைக்கு 2 வெள்ளியும் செலுத்தினால் போதும். சிறு காய்ச்சலுக்கு ஊரிலிருந்து கொண்டுசென்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தாமாகவே விழுங்கும் வழக்கத்தைக் கைவிட இது ஒன்றே போதிய காரணம்.

பணியின்போது ஏற்படும் காயம் தனிச் சட்டத்தின் கீழ் வரும். தவறு யாருடையது என்ற வினா அங்கு எழுவதில்லை. சிகிச்சைச் செலவு, மருத்துவ விடுப்புக் கால ஊதியம், நிலையான ஊனம் இருப்பின் இழப்பீடு ஆகியவற்றைக் கோரலாம். விபத்து நிகழ்ந்து ஓராண்டுக்குள் கோரவேண்டும். வேலையை விட்டு நீங்கியிருந்தாலும் உரிமை போகாது. மருத்துவரிடம் “வேலை செய்யும்போது அடிபட்டது” என்று தெளிவாகக் கூறுவது மிக முக்கியம். அறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லும்படி யாரேனும் வற்புறுத்தினாலும் அவ்வாறு சொல்லவேண்டாம். முதல் நாள் பதிவில் இடம்பெறும் அந்த ஒரு வரியைப் பின்னர் மாற்றுவது கடினம். மருத்துவ விடுப்புச் சான்றிதழ், அதாவது அங்குள்ளோர் எம்.சி. என அழைக்கும் தாள், அனைத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக் குடும்பத்தினருக்கு அனுப்பிவைக்கவும். சிகிச்சையோ ஊதியமோ மறுக்கப்பட்டால் மனிதவள அமைச்சிடம் முறையிடலாம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர உதவி எண் 6536 2692.

வருகையாளர்களுக்கு

அரசு மருத்துவமனைகளின் மானியம் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வருகையாளர் முழுக் கட்டணம் செலுத்தவேண்டும். உள்நோயாளியாகச் சேர முன்பணமும் கேட்கப்படும். நமது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அங்கு செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், முன்பு வைத்த ஸ்டென்ட் எதையும் மறைக்கக்கூடாது. மறைத்தது தெரியவந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படும், பிள்ளைகள் கடனாளியாவர்.

சொந்தப் பயன்பாட்டிற்கு மூன்று மாதத்திற்கு மேற்படாத மருந்துகளை எடுத்துச் செல்லலாம். ஆனால் கோடீன் கலந்த இருமல் மருந்து, டயசிபாம் போன்ற தூக்க மாத்திரை, வீரியமிக்க வலிநிவாரணி ஆகியவற்றிற்கு அந்நாட்டு சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. நம் ஊர் வணிகப் பெயர்கள் அங்குள்ள மருத்துவர்களுக்குப் பழக்கமற்றவை. எனவே மருந்தின் வேதிப் பெயர், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரே தாளில் எழுதித் தருமாறு உங்கள் மருத்துவரிடம் புறப்படும் முன்பே கேட்டுப் பெறவும். அரசு மருத்துவமனைகளிலும் இதனைக் கேட்கலாம்.

உதவ எவரும் இல்லாத நிலையில் இந்தியத் தூதரகத்தை அணுகலாம். 2009-இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமூக நல நிதியிலிருந்து, தகுதியுடையோரின் அவசரச் சிகிச்சைக்கும், இறந்தவரின் உடலைத் தாயகம் கொணரவும் உதவி வழங்கப்படுகிறது. ஊரில் உள்ள குடும்பத்தினர் வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளம் வழியே முறையிடலாம். அதற்குக் கடவுச்சீட்டு எண் கைவசம் இருக்கவேண்டும். செல்பவர் அதன் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.