மின்சிகிச்சையும் மிருகங்களும்



மடவளையிலோ கண்டி நகரிலோ ஒருவர் வாரக்கணக்காக உண்ணாது, உறங்காது, பேச்சற்று மூலையில் முடங்கிவிட்டால், வீட்டார் முதலில் அஞ்சுவது நோயை அன்று, ஊர்வாயையே. 1926ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அங்கொடை மனநோய் வைத்தியசாலையின் பெயர் நம் நாட்டில் ஏச்சுச் சொல்லாகவே வழங்கலாயிற்று. அதனினும் பெரிய அச்சம், 'மூளைக்குக் கரண்ட் கொடுப்பார்கள்' என்பது. அந்த அச்சத்தில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை அச்சிகிச்சையின் வரலாறே உரைக்கும்.

வலிப்பு உண்டாக்கினால் சில மனநோய்கள் தணியும் என்று 1934இல் ஹங்கேரிய வைத்தியர் மெதுனா கருதினார். அதற்கு அவர் கர்ப்பூரம் முதலிய மருந்துகளைக் கையாண்டார். மருந்துக்குப் பதிலாக மின்சாரத்தைக் கொள்ளலாமா என ஆராய்ந்தவர்கள் உரோமாபுரியின் செர்லெத்தியும் அவருடைய துணைவர் பினியும் ஆவர். அவர்கள் முதலில் நாய்களைச் சோதித்தனர். மின்சாரம் உடலினூடே இருதயத்தைத் தொட்டுச் சென்றமையால் பல நாய்கள் மாண்டன.

பின்னர், அந்நகரின் இறைச்சித் தொட்டியில் பன்றிகளை மின்சாரத்தால் கொல்வதாகக் கேள்வியுற்றுச் செர்லெத்தி அங்கே சென்றார். மின்சாரம் அவற்றைக் கொல்லவில்லை. நெற்றிப் பொட்டுகளில் இடுக்கி வைத்ததும் அவை வலிப்புற்று நினைவிழந்தன. கத்தியே உயிரைப் போக்கியது. கத்தி படாத பன்றி சிறிது நேரத்தில் எழுந்து நடந்தது. மின்சாரம் தலையளவில் நின்றால் உயிருக்கு அபாயம் குறைவு என்பது தெளிவாயிற்று. 1938 ஏப்ரலில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு அச்சிகிச்சை அளிக்கப்பெற்றது. கடுமையான மனச்சோர்வுக்கே அது பெரிதும் உதவுவதென்பது விரைவில் புலனாயிற்று.

ஆயினும், தொடக்க காலத்தில் மயக்க மருந்தின்றியே அதனை அளித்தனர். வலிப்பின் வேகத்தில் எலும்புகள் முறிந்தன. சில இடங்களில் அது தண்டனையாகவும் பயன்பட்டது. மக்களின் அச்சம் வீணாகப் பிறந்ததன்று. இன்று முறையான சிகிச்சையில் மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்த பின்னரே மின்சாரம் செலுத்தப்படுகிறது.

அது எவ்வாறு பயன் தருகிறது? நீர்த்தொட்டியில் விடப்பட்ட எலி முயற்சியைக் கைவிட்டு அசையாது மிதக்கும் நேரத்தை 1977இல் போர்சோல்ட் என்பவர் அளந்தார். மின்வலிப்புப் பெற்ற எலிகள் அவ்வாறு சோர்ந்து மிதப்பது குறைந்தது. தென்னிந்தியாவுக்கே உரிய நாட்டுக் குரங்கினத்தில் செய்த ஆராய்ச்சியொன்று 2007இல் வெளியாயிற்று. நினைவாற்றலுக்குரிய மூளைப்பகுதியில் புதிய உயிரணுக்கள் பெருகுவதை அது காட்டிற்று. பெங்களூர் தேசிய மனநல நிறுவனத்தார் எலிகளைக் கொண்டு ஆராய்ந்தது மறுபக்கத்தை; அதாவது, இச்சிகிச்சையால் நேரும் மறதியை.

ஆனால் எலி தன் துயரத்தைச் சொல்லுமா? சொல்லாது. மிதப்பதை அளக்கலாம், மனம் தெளிந்ததா என்பதை அளக்க இயலாது. ஆகவேதான் அதே பெங்களூர் வைத்தியர்கள் 1982இல் நோயாளரிடையே மின்சிகிச்சையையும் மாத்திரையையும் ஒப்பிட்டு, முன்னது பின்னதற்குக் குறைந்ததன்று எனக் கண்டனர்.

உயிருக்கு எது தீங்கு என்பதை மிருகங்கள் நமக்குக் காட்டின. துன்பம் தீர்ந்ததா, எதனை மறந்தோம் என்பதை நோயாளர் ஒருவரே கூற வல்லவர். ஆதலின், பேராதனை வைத்தியசாலைக்கு ஒருவரை அழைத்துச் செல்வோர் வெட்கத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லட்டும். வைத்தியரிடம் கேள்விகளைத் தயங்காது கேட்கட்டும். நோயாளரின் சொல்லுக்கும் செவி சாய்க்கட்டும்.