ஐம்பது பாகமும் இரண்டு பாகமும்

மட்டக்களப்பு வாவி நீளத்தில் பெரிசு, ஆழத்தில் இல்லை. வடக்கே பங்குடாவெளியிலிருந்து தெற்கே கல்முனை வரை 56 கிலோமீட்டருக்குக் கிடக்கிற தண்ணி, அதிக ஆழமான இடத்திலும் ஏறக்குறைய 4 மீட்டர்தான். கடற்தொழில் செய்கிறவர்களின் கணக்கில் சொன்னால் இரண்டு பாகம் சொச்சம். ஒரு ஆள் இரண்டு கையையும் அகல விரித்தால் இந்த விரல்நுனியிலிருந்து அந்த விரல்நுனி வரை எவ்வளவோ அது ஒரு பாகம், ஏறக்குறைய ஆறு அடி. கயிற்றை அப்படி விரித்து விரித்து அளந்துதான் ஆழம் சொல்வார்கள்.

இதே வாவிக்கு மேலே, கல்லடிப் பாலத்தில் பின்னேரம் காத்து வாங்க நிற்கிறவர்களின் கைகளைக் கொஞ்சம் பாருங்க. கறுப்பு முகப்பு, தடிச்ச முள்ளு, முகப்பைச் சுற்றித் திருகக்கூடிய ஒரு வளையம், கீழே சின்ன எழுத்தில் ‘200 மீட்டர்’. சிலது அசல், கனக்க நகல். 200 மீட்டர் என்றால் 109 பாகம். எங்கட வாவியை ஒன்றுக்கு மேல ஒன்றாக ஐம்பது தரம் அடுக்கினால்தான் அந்த ஆழம் வரும்.

நக்கலுக்காக இதைச் சொல்லவில்லை. என்ட கையிலும் ஒன்று கிடக்கு, முகப்பில் மீன் படம் போட்ட காசியோ. ஆனால் இந்தச் சாமான் யாருக்காக, எந்தப் பயத்தில் செய்யப்பட்டது என்று தேடிப் போனால், அது சுற்றிச் சுற்றி எங்கட கடலுக்கே வந்து நிற்கிறது.

முதலில் ஒரு சொல். தண்ணிக்கு அடியில் போய் வேலை செய்கிறவரை இலங்கைத் தமிழில் சுழியோடி என்கிறோம். மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடிகள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஐந்து பாகம், எட்டுப் பாகம், சில பார்களில் அதற்கும் மேல். ஒரு நிமிடம் போல அடியில் நின்று சிப்பியைக் கூடையில் அள்ளிவிட்டு, மேலே நிற்கிறவர் கயிற்றை இழுக்க வந்துவிடுவார்கள். அவர்களிடம் மணிக்கூடு இல்லை, தேவையும் இல்லை. மூச்சு முட்டினால் நேரம் முடிந்தது, அவ்வளவுதான். உடம்பே மணிக்கூடு. சுறாவுக்கும் காதுவலிக்கும் பயந்திருப்பார்கள், ஆனால் எத்தனை நிமிடம் ஆச்சு என்று யாரையும் கேட்கவேண்டி வரவில்லை.

அந்த ஒழுங்கைக் குழப்பியது 1943. பிரான்சில் ழாக் குஸ்தோவும் எமில் காக்னானும் செய்த ‘அக்வாலங்’ கருவி முதுகில் கட்டிய சிலிண்டரிலிருந்து தேவையான அளவு காற்றை வாய்க்குக் கொடுத்தது. மூச்சு முட்டுகிற பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதோடு, ‘போதும், மேல வா’ என்று உடம்பு சொல்லுகிற அந்த ஒரே சமிக்கையும் போய்விட்டது. அழுத்தத்தில் மூச்செடுக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் சதையிலும் கரையும். எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நேரமோ, அவ்வளவுக்குக் கரையும். ஆள் அவசரமாக மேலே வந்தால், மூடி திறந்த சோடாப் போத்தல் மாதிரி உடம்புக்குள் குமிழி கிளம்பும். மூட்டில் என்றால் தாங்கமுடியாத நோ. முள்ளந்தண்டில் என்றால் கால் வழங்காது. சிலர் செத்தும் போவார்கள். ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் ஸ்கொட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துப் பார்த்து, எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றால் எப்படி ஏறவேண்டும் என்ற அட்டவணையை 1908இலேயே வெளியிட்டிருந்தார். அட்டவணை இருந்தது. தண்ணிக்குள் நேரம் பார்க்க நம்பிக்கையான ஒரு சாமான்தான் குறைவாக இருந்தது.

பிளான்பேன் என்ற சுவிஸ் கம்பனியை நடத்திய ழான் ழாக் ஃபீஷ்டருக்கும் சுழியோடுவது பொழுதுபோக்கு. தெற்கு பிரான்சில் ஒருமுறை நேரத்தை மறந்து, காற்றுத் தீர்ந்து, ஏறவேண்டிய முறையில் ஏறாமல் உயிர்தப்பி மேலே வந்தவர். 1953இல் அவருடைய கம்பனி செய்த மணிக்கூட்டுக்கு ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஃபாதம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் மூலப்பொருள் விரித்த கைகள்தான். ஆக அதன் பெயரைத் தமிழில் சொன்னால் ‘ஐம்பது பாகம்’. எனக்கு இந்த முழு வரலாற்றிலும் பிடிச்ச விசயம் இதுதான்: ஆயிரக்கணக்கான டொலருக்கு விற்கிற ஒரு சாமானின் பெயர், எங்கட கரையில் கயிறு அளக்கிற ஒருவருக்கு விளக்கமே தேவைப்படாத பெயர். ஏறக்குறைய அதே காலத்தில் ரோலெக்ஸின் ‘சப்மரீனர்’ வந்தது. பிறகு வந்த எல்லாமே இந்த இரண்டின் சாயல்.

இவற்றின் உயிர் அந்தத் திருகு வளையத்தில் இருக்கிறது. இறங்கும்போது வளையத்திலுள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேரே வைத்துவிட்டால், பிறகு கூட்டல் கழித்தல் வேண்டாம். முள்ளு எந்த இலக்கத்தில் நிற்கிறதோ அத்தனை நிமிடம் ஆகிவிட்டது. இன்றைய வளையங்கள் ஒரு பக்கமாக மட்டும்தான் திருகும். பாறையில் தட்டுப்பட்டு நகர்ந்தாலும், ஆன நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் தேவைக்கு முந்தி மேலே வருவார், பிந்தி வரமாட்டார். பிழைத்தாலும் நல்ல பக்கமாகப் பிழைக்கிற மாதிரி யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

சரி, இது எங்கட கடலில் என்ன அர்த்தம்? 1942 ஏப்ரல் 9ஆம் திகதிக்குப் போவோம். யப்பானிய விமானங்கள் அன்று காலை திருகோணமலையைத் தாக்கின. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கே போன பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மஸ், திரும்பி வரும் வழியில் மட்டக்களப்புக்கு வெளியே அகப்பட்டது. விமானந்தாங்கி என்று பெயர், அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. முற்பகல் பதினொரு மணிக்கு முன்பே அது தாண்டுவிட்டது. 307 பேர் செத்தார்கள். கூட வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் போனது. தப்பியவர்களில் ஏறக்குறைய 600 பேரை வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போனது. அதே நாள், இன்னும் வடக்கே, பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் மூழ்கியது. (ஹேர்மஸ் சேவைக்கு வந்ததும் 1924இல், பழைய கல்லடிப் பாலம் திறந்ததும் 1924இல். பாலம் இன்னும் நிற்கிறது.)

இப்ப அந்த இரண்டு கப்பலையும் மணிக்கூட்டால் பார்ப்போம். பிரிட்டிஷ் சார்ஜன்ட் கிடப்பது ஏறக்குறைய 24 மீட்டரில், 13 பாகம். ஹேர்மஸ் 53 மீட்டரில், 29 பாகம். அமெரிக்கக் கடற்படை நெடுங்காலம் பாவித்த அட்டவணைப்படி, இடையில் நிறுத்தாமல் நேரே மேலே வரவேண்டுமென்றால் முதல் ஆழத்தில் 40 நிமிடம் வரை நிற்கலாம். இரண்டாவதில் 5 நிமிடம். அந்த ஐந்தும் தண்ணி மட்டத்தை விட்டுப் புறப்பட்டதிலிருந்து எண்ணுகிற ஐந்து, இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். மிச்சம் மூன்று நிமிடம்கூட இல்லை. கூடுதலாக நின்றால் ஏறும் வழியில் குறிப்பிட்ட ஆழங்களில் நின்று நின்று, குமிழி வராமல் நைதரசனை வெளியே விட்டுத்தான் வரவேண்டும். அதற்குள் காற்றும் தீரும்: 53 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல ஆறு மடங்குக்கு மேல், சிலிண்டரும் அதே வேகத்தில் காலியாகும். கரையிலிருந்து படகில் அரை மணித்தியாலம் போகவேண்டிய கப்பல் அது, போனபிறகு மூன்று நிமிடம். ஹேர்மஸுக்கு இறங்குகிறவர்கள் கருவியும் பயிற்சியும் உள்ளவர்கள், பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். வாடைக்காற்று முடிந்து கடல் படுத்த மாதங்களில் வருவார்கள்.

கிழக்குக் கடலில் சிலிண்டரோடு இறங்கியவர்களில் பெயர் தெரிந்தவர்கள் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும். 1956இல் இலங்கைக்கு வந்த இருவரும் திருகோணமலை சுவாமிமலைக்குக் கீழே, 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்களைக் கடலடியில் பார்த்தார்கள். கிளார்க் அதை அடுத்த வருடம் ‘த ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்’ என்ற புத்தகத்தில் எழுதினார். வில்சன் பிற்காலத்தில் சுவாமி சிவகல்கி என்ற பெயரில் துறவியானார், அது தனிக் கதை.

எங்கட கைகளுக்கு இந்த மணிக்கூடுகள் வந்தது கடல்வழியாக இல்லை, விமான நிலைய வழியாக. யப்பானின் சீக்கோ தன்னுடைய முதல் சுழியோடி மணிக்கூட்டை 1965இல் செய்தது, 150 மீட்டர். 1969இல் அதே கம்பனி குவார்ட்ஸ் மணிக்கூட்டைக் கொண்டுவர, சுவிஸ் கம்பனிகள் ஆடிப்போயின, யப்பான் சாமான் மலிந்தது. 1977க்குப் பிறகு இலங்கையில் திறந்த பொருளாதாரம். காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, ஆரையம்பதி என்று எல்லா ஊரிலிருந்தும் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் ஆட்கள் போனார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களும்தான். திரும்பி வரும்போது பெட்டிக்குள் சீக்கோ, சிட்டிசன், காசியோ. அடியில் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதை யாரும் ஆழமாக வாசிக்கவில்லை. உறுதியான சாமான், கெதியில் பழுதாகாது, அதுதான் அர்த்தம்.

அதே காலத்தில்தான் கடல் எங்களுக்குப் பூட்டப்பட்டது. யுத்த வருடங்களில் எத்தனை மணிக்குப் போகலாம், எத்தனை மணிக்குள் வரவேண்டும், எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் படையினர் சொன்னார்கள். மணிக்கூடு பார்த்தது ஊரடங்குக்காகவும், சோதனைச்சாவடி மூட முன்னர் வீடு வந்து சேரவும். 200 மீட்டர் மணிக்கூட்டைக் கட்டிய ஒருவர் முழங்கால் தண்ணிக்கு மேல் இறங்காமலே இருபது வருடம் போயிருக்கும்.

வைத்திருப்பதிலும் ஒரு வித்தை இருக்கு. எழுதியிருக்கிற மீட்டர் சாகும்வரை செல்லாது. பின்மூடியிலும் திருகாணியிலும் உள்ள ரப்பர் வளையம்தான் தண்ணியைத் தடுக்கிறது, ரப்பர் காயும். எங்கட பெரியப்பா 1980களில் சவூதியிலிருந்து கொண்டுவந்த சீக்கோ, ஒருநாள் கிணற்றடியில் குளித்த கையோடு கண்ணாடிக்குள் ஆவி பிடித்துவிட்டது. அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தார், சரிவரவில்லை. திறந்து பார்த்தால் வளையம் கருவாடு மாதிரி. பற்றரி மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றச் சொல்லுங்க, பழைய மணிக்கூட்டை அழுத்தம் சோதிக்காமல் கடலுக்குக் கொண்டுபோகாதீங்க. ‘30 மீட்டர்’ என்று எழுதியது கை கழுவத்தான், இறங்க இல்லை.

1983இல் சுழியோடிகளுக்கான கணினி சந்தைக்கு வந்தது. ஆழத்தையும் நேரத்தையும் தானே அளந்து, இன்னும் எத்தனை நிமிடம் என்று சொல்லுகிற பெட்டி. இன்றைக்கு பாசிக்குடாவில் இறங்குகிற சுற்றுலாக்காரரின் கையில் அதுதான் இருக்கும். உண்மையில் சுழியோடுகிறவர்களுக்கு முள்ளு மணிக்கூடு இரண்டாம் காப்பாகிவிட்டது, மற்றவர்களுக்கு நகையாகிவிட்டது. அதில் பிழையில்லை. வேலை முடிந்த ஆயுதம் எல்லா ஊரிலும் நகையாகத்தான் ஆகும்.

ஆனால் இங்கே வேலை முடியவில்லை. கிழக்குக் கரையில் கடல் அமைதியான மாதங்களில் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டரோடு இறங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். கடலட்டை எங்கட சாப்பாடு இல்லை. அவித்து, காயவைத்து, ஹொங்கொங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. கரைக்குக் கிட்ட எடுத்து முடிய, ஆழத்துக்குப் போகவேண்டி வந்தது. பத்துப் பாகம், பதினைந்து பாகம், ஒரு நாளைக்கு மூன்று நாலு சிலிண்டர். இதில் பலர் முறையான பயிற்சி எடுத்தவர்கள் இல்லை, தகப்பனிடமோ மச்சானிடமோ படகிலேயே பழகியவர்கள். அவர்களுக்கு சிலிண்டர் தீர்ந்தால் நேரம் தீர்ந்தது, முத்துக்குளித்தவர்களுக்கு மூச்சு தீர்ந்த மாதிரி. ஆனால் கணக்கு வேறு. முதல் சிலிண்டரில் கரைந்த நைதரசன் முழுக்க வெளியேற முன்னர் இரண்டாவதைக் கட்டிக்கொண்டு இறங்கினால், அட்டவணையில் இருக்கிற நிமிடம் குறைந்துகொண்டே போகும். மூன்றாவதில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. காற்று மட்டும் மிஞ்சும்.

பின்னேரம் தோள்மூட்டில் தொடங்குகிற நோவுக்கு எண்ணெய் பூசுவார்கள், வேலைக் களைப்பு என்று படுப்பார்கள். குமிழி கரைய ஒட்சிசன் வேண்டும், திரும்ப அழுத்தத்துக்குள் வைக்கிற அறை வேண்டும். திருகோணமலையில் கடற்படையிடம் அப்படி ஒரு அறை இருக்கிறது. கால் வழங்காமல் போன சுழியோடிகளுக்கு அங்கே சிகிச்சை நடந்திருக்கிறது. மட்டக்களப்பிலிருந்து வாகரை, வெருகல், மூதூர் வழியாக ஏ15 வீதியில் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். யுத்தம் முடியும் வரை இந்த வழியில் ஆற்றுக்கு ஆறு பாதை ஏறித்தான் கடக்கவேண்டும், இப்ப பாலங்கள் இருக்கின்றன. வாகனம் பிடித்தால் இரண்டரை, மூன்று மணித்தியாலம்.