அருகும் கோரையும்

உச்சிப்புளியில் ஐப்பசி மழை விழுந்த பத்தாம் நாளே மணல் பச்சையாகிவிடும். பனைகளின் அடியில் ஒருபுறம் அருகு படரும். மறுபுறம் கோரை தலைநீட்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், இரண்டும் களையே என்று கருதி, பள்ளித் திடலிலிருந்து இரண்டையும் செதுக்கி எறியச் செய்தேன். ஆடிக்காற்றில் மேல்மணல் பறந்தது. அடுத்த மழைக்கு அருகு இருந்த இடத்தில் நெருஞ்சி வந்தது. வெறுங்காலோடு ஆடிய பிள்ளைகள் நொண்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தார்கள். என் பிழை எனக்கு விளங்கியது, கோல்ஃப் திடல்களின் வரலாற்றைப் படித்த பிறகே.

அவ்வாட்டம் வளர்ந்தது ஸ்காட்லாந்தின் கடற்கரை மணல்மேடுகளில். உழவுக்கு உதவாத, நீர் தேங்காத நிலம், ஏறத்தாழ நம் கரை போன்றதே. 1457-இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் அதனைத் தடைசெய்தது; வில்வித்தைப் பயிற்சி கெடுகிறதாம்! 1552-இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்களுக்குத் தம் மணல்வெளியில் ஆடும் உரிமை எழுத்தில் உறுதியாயிற்று. அந்நாளில் புல்லை மட்டமாக மேய்ந்து வைத்தவை ஆடுகளும் முயல்களுமே. எட்வின் பட்டிங் புல்வெட்டும் பொறியை அமைத்தது 1830-இல்தான். 1860களில் அத்திடலின் பொறுப்பை ஏற்ற டாம் மாரிஸ், புல்லின்மேல் மணலைத் தூவித் தூவியே அதனைத் தழைக்கச் செய்தார்.

1829-இல் கல்கத்தாவில் ஒரு கோல்ஃப் சங்கம் தோன்றியது; பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மூத்தது அதுவே. ஆனால் ஸ்காட்லாந்துப் புல் நம் சமவெளி வெயிலுக்குத் தாங்குமா? இங்கே திடலைக் காத்தது அருகே. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகுதான்! வெப்பம் பத்துப் பாகைக்கு அருகில் இறங்கினால் அது பழுத்து உறங்கிவிடும். ஆகவே அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இலையுதிர் காலத்திலேயே அதன்மேல் ரை புல் விதையைத் தூவிக் குளிர்காலப் பசுமையைப் பெறுகிறார்கள். உதகை போன்ற இடங்களில் உறைபனி படிந்த புல்லை மிதித்தாலே இலை முறிந்து கருகும். வெயில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பருத்தி விவசாயிகளும் ஒருகாலத்தில் அருகைக் களை என்றே வெறுத்தனர். ஜார்ஜியாவிலுள்ள டிஃப்டன் ஊரில் கிளென் பர்ட்டன் என்னும் அறிஞர், அதனை ஆப்பிரிக்க இனமொன்றோடு கலந்து 1956-இல் 328 என்றும், 1960-இல் 419 என்றும் எண்ணிட்ட வகைகளை வெளியிட்டார். இவை முளைக்கும் விதை தருவதில்லை. தண்டைக் கிள்ளித்தான் நடவேண்டும்.

நம் கரையில் மார்கழிக் குளிர் அருகை வாட்டுவதில்லை. நமக்குக் குளிர்காலத் தொல்லை கோரையே. இரண்டாம் உலகப்போரை ஒட்டி வந்த 2,4-டி என்னும் மருந்து அகன்ற இலைக் களைகளைக் கொன்று புல்லை விட்டுவைக்கும். கோரையின் கிழங்கையோ அது முற்றாக அழிப்பதில்லை. இழுத்தால் தாள் அறும், கிழங்கு மண்ணில் தங்கும், மீண்டும் முளைக்கும். முக்கோணத் தண்டை விரலால் உருட்டிப் பார்த்து, ஈரம் காயுமுன் கிழங்கோடு தோண்டுவதே வழி. மீண்டும் முளைத்தால் மீண்டும் தோண்டவேண்டும். கிழங்கு அவ்வாறுதான் களைத்துப்போகும்.

சென்ற கார்த்திகையில் அத்திடலுக்குப் போயிருந்தேன். தண்ணீர்க் குழாயடியில் முளைத்திருந்த அருகைக் கணுக்கணுவாகக் கிள்ளி, நெருஞ்சி நீக்கிய இடத்தில் ஒரு சாண் இடைவெளியில் பிள்ளைகள் நட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் குனிந்து நான்கு கணுக்களை ஊன்றினேன்.